அப்பாவைப் பார்த்துக்க வீட்டோட ஆள் தேடறோம்: எதை வச்சு நம்பறது?

காவிரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்துல இருக்காங்க. அப்பாவுக்கு 79 வயசு, கூட்டுறவு வங்கியில காசாளரா இருந்து ஓய்வு பெற்றவர். மாசி மாசம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துடுச்சு. பேச்சு குழறுது, நினைவு மட்டும் தெளிவா இருக்கு. அம்மாவுக்கு 73. ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு சுவரைப் பிடிச்சுத்தான் நடக்கறாங்க. நான் சென்னையில, தம்பி பெங்களூர்ல.

ஆஸ்பத்திரியில இருந்து அப்பாவைக் கூட்டிட்டு வந்த அன்னிக்கே ஒரு ஏஜென்சி மூலமா ஒரு பொண்ணை வச்சோம். ஆதார் நகல், போட்டோ, ஊர் முகவரி, ஏஜென்சிக்காரங்க குடுத்த போலீஸ் சான்றிதழ் எல்லாம் வாங்கி வச்சாச்சு. அம்மாவோட நகையை லாக்கர்ல போட்டோம். பீரோ சாவியை நானே சென்னைக்கு எடுத்துட்டு வந்துட்டேன். திருட்டு பயம் ஒண்ணுதான் எங்க எல்லார் மனசுலயும்.

அந்தப் பொண்ணு ஒரு ரூபா எடுக்கலை. நல்ல குணம், தாத்தா தாத்தான்னு பிரியமா இருந்தா. 19-ஆம் நாள் அப்பாவுக்கு காய்ச்சல், மூச்சு இரைப்பு. சாப்பாடு நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா ஆயிருக்குன்னு டாக்டர் சொன்னார். படுத்த வாக்குலயே தலைக்கு இன்னொரு தலையணை வச்சு ரசஞ்சாதம் ஊட்டியிருக்கா. அதுக்கு முன்னாடி ஜவுளிக்கடையில வேலை பார்த்தவளாம். ரெண்டு நாள் பயிற்சின்னு ஏதோ குடுத்து எங்க வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. அவளைத் திட்ட எனக்கு வாய் வரலை. அவளுக்கு யாரும் சொல்லிக்குடுக்கலை, நாங்களும் கேக்கலை.

எட்டு நாள் உள்ள இருந்துட்டு அப்பா வீட்டுக்கு வந்துட்டார். நான் லீவு போட்டுட்டு இங்கேயே இருக்கேன். இன்னும் ஆறு வாரம்தான் லீவு இருக்கு. அதுக்குள்ள சரியான ஆள் கிடைக்கணும். நம்பிக்கையான ஆளுன்னு எதை வச்சு முடிவு பண்றது? பட்டவங்க சொல்லுங்க.

வைகை_வாசி:

எங்கம்மாவுக்கு நாலு வருசத்துல ஏழு பேர் மாறிட்டாங்க. அதனால சொல்றேன்.

ஏஜென்சி குடுக்கற போலீஸ் சான்றிதழ் நகலை அப்படியே நம்பாதீங்க. எங்களுக்கு வந்த ஒண்ணுல வேற யாரோட தகப்பன் பேரோ இருந்துச்சு. தமிழ்நாடு காவல்துறையோட இணையதளத்துலயே வீட்டு வேலைக்கு வர்றவங்களைச் சரிபார்க்க விண்ணப்பம் இருக்கு, நீங்களே போடலாம். ஆதாரையும் அரசோட அதிகாரப்பூர்வ ஆதார் செயலியில இருக்கற ஸ்கேனரால அந்த கியூஆர் கட்டத்தைப் படிச்சுப் பார்த்தா அசலா இல்லையான்னு தெரிஞ்சுரும். ஆனா இது எல்லாம் ஆள் யாருன்னு சொல்லும், ஆள் எப்படின்னு சொல்லாது. அதுக்கு ஒரே வழி, முன்னாடி வேலை பார்த்த வீட்டுக்கு நேர்ல போறது. போன் நம்பர் குடுப்பாங்க, அந்த நம்பர் அவங்க அண்ணனோடதா இருக்கும். நேர்ல போய், "அவங்க ஏன் வேலையை விட்டு நின்னாங்க?"ன்னு மட்டும் கேளுங்க. நல்லவங்களா கெட்டவங்களான்னு கேட்டா நல்லவங்கன்னுதான் சொல்லுவாங்க. ஏன் நின்னாங்கன்னா கதை வெளிய வரும்.

ஏஜென்சிகிட்ட கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. நாம குடுக்கற பணத்துல எவ்வளவு அந்த ஆள் கைக்குப் போகுதுன்னு கேளுங்க. நாங்க மாசம் 24,000 குடுத்தோம், அந்தக்கா கையில வாங்கினது 14,500. ரெண்டு மாசத்துல வேற வீட்டுல 17,000 குடுத்தாங்கன்னு போயிட்டாங்க. அவங்க மேல தப்பே இல்லை.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

மகளே, நான் அரசு மருத்துவமனையில 31 வருஷம் வேலை பார்த்தவள். உங்க அப்பாவுக்கு நடந்தது மாதிரி எத்தனையோ பேரை வார்டுல பார்த்திருக்கேன். வீட்டுல அன்பா ஊட்டினதுதான் அத்தனையும்.

முதல்ல உங்களுக்கு நர்ஸ் வேணுமா, அட்டெண்டர் வேணுமான்னு முடிவு பண்ணுங்க. மூக்கு வழியா சாப்பாடு குடுக்கற ரைல்ஸ் டியூப், யூரின் டியூப் மாத்தறது, ஊசி, புண்ணுக்கு மருந்து கட்டறது இதெல்லாம் இருந்தா நர்ஸ்தான். ஜிஎன்எம்ங்கற நர்சிங் டிப்ளமோ மூணு வருஷப் படிப்பு, பிஎஸ்சி நர்சிங் நாலு வருஷம். தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்க. "ஹோம் நர்ஸ்"னு இப்ப எல்லாரையும் சொல்றாங்க. அதுல முக்கால்வாசிப் பேர் நர்ஸ் இல்லை. உங்க அப்பாவுக்கு டியூப் எதுவும் இல்லைன்னா நல்லா பழகின அட்டெண்டர் போதும். ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்ட்னு குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கு. சான்றிதழ் இருந்தா நல்லது, ஆனா சான்றிதழ் இல்லாத எத்தனையோ ஆயாக்கள் எங்களைவிட நல்லா நோயாளியைத் திருப்பிப் போடுவாங்க.

அதனால வாய்வார்த்தையில கேக்காதீங்க, செஞ்சு காட்டச் சொல்லுங்க. வர்ற ஆள்கிட்ட ஒரு டம்ளர் தண்ணியைக் குடுத்து, "அப்பாவுக்குக் குடுங்க"ன்னு சொல்லிட்டு ஓரமா நில்லுங்க. தெரிஞ்ச ஆள் முதல்ல டம்ளரைக் கீழ வைப்பாங்க. அவரை நிமிர்த்தி உக்கார வைப்பாங்க, முதுகுக்கு அண்டை குடுப்பாங்க. மோவாய் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கான்னு பார்ப்பாங்க. அவங்களும் எதிர்ல உக்காந்து, அவர் கண்ணுக்கு நேரா இருந்து, ஒரு வாய் குடுத்துட்டு தொண்டை ஏறி இறங்குதான்னு பார்த்துட்டுத்தான் அடுத்த வாய் குடுப்பாங்க. நின்னுக்கிட்டு மேல இருந்து ஊத்தினா நோயாளி அண்ணாந்துதான் வாங்கணும், அப்பதான் மூச்சுக்குழாய்ல போகும். சாப்பிட்டு முடிச்சதும் வலது கன்னத்துக்குள்ள விரலை விட்டோ டார்ச் அடிச்சோ பார்க்கணும். அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாததால ஒரு கவளம் அங்கேயே தங்கியிருக்கும், அவருக்கே தெரியாது. அரை மணி நேரம் கழிச்சுத்தான் படுக்க வைக்கணும். இருமல் இருந்தா, சாப்பிட்டதும் குரல் கரகரன்னு ஈரமா கேட்டா, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ரெண்டாவது, கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாத்தச் சொல்லுங்க. நாற்காலியை எந்தப் பக்கம் போடறாங்கன்னு மட்டும் பாருங்க. அவரோட நல்ல பக்கம், அதாவது இடது பக்கம் போடணும். விழுந்த கையைப் பிடிச்சு இழுத்தாங்கன்னா அந்த ஆள் வேண்டாம். பக்கவாதம் வந்த தோள் மூட்டு சுலபமா நழுவிடும். அந்த வலி வந்தா கையில பயிற்சியே பண்ண முடியாமப் போயிடும்.

இந்த ரெண்டையும் பார்க்க பத்து நிமிஷம் போதும்.

காவிரிக்கரை:

சிஸ்டர், படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணு அப்பாவை எழுப்பறப்ப வலது அக்குள்ல கை குடுத்துத் தூக்குவா. அப்பா முகம் சுளிப்பார், வயசான வலின்னு நினைச்சோம். இப்பவும் தோள்ல கை வச்சா வலிக்குதுங்கறார்.

செந்தூர்_பக்கம்:

உங்களுக்கு ஆள் எப்படித் தேடணும்னு சொல்ல எனக்குத் தெரியல. நாங்க ஒரு நல்ல ஆளை எப்படி இழந்தோம்னு சொல்லுதேன்.

எங்கம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சு ரெண்டாவது வருசம். பக்கத்து ஊர்க்கார பொண்ணு ஒருத்தி, புருசன் இல்லாதவ, பதினாலு மாசம் எங்க வீட்டுலயே தங்கிப் பாத்தா. ஒருநாள் காலையில அம்மா, "இவ என் வளையலை எடுத்துட்டா"ன்னு சொன்னா. ஒரு தடவை இல்ல, நாள் பூரா. அண்ணன் திருச்செந்தூர்ல இருந்து வந்து அவ பையைக் கொட்டிப் பாத்தான். ரெண்டு சேலை, ஒரு சீப்பு, அவ மகன் பள்ளிக்கூடப் போட்டோ. வளையல் இல்ல. அப்பவும் ஸ்டேஷனுக்குப் போவோம்னான். அவ அழல. பையை அடுக்கிக்கிட்டு, அம்மாவுக்கு மத்தியான மாத்திரை எதுன்னு என்கிட்ட சொல்லிட்டு பஸ் ஏறிட்டா.

மூணு மாசம் கழிச்சு தலையணையை வெயில்ல போடுறதுக்கு உறையைக் கழட்டினப்போ பஞ்சுக்குள்ள இருந்துச்சு, பழைய ரவிக்கைத் துணியில மூணு முடிச்சுப் போட்டு. அந்த முடிச்சு எங்கம்மா போடுற முடிச்சு. நாங்க பிறந்ததுல இருந்து பாத்த முடிச்சு.

மறதி நோய்ல இது சகஜம்னு டாக்டர் பிறகுதான் சொன்னாரு. பொருளைத் தானே எங்கயோ வச்சிட்டு, மறந்துட்டு, பக்கத்துல இருக்கவங்க எடுத்துட்டாங்கன்னு உறுதியா நம்புவாங்களாம். யாரு நெருக்கமா பாத்துக்கறாங்களோ அவங்க மேலதான் பழி விழுமாம். அவ ஊருக்கு ரெண்டு தடவை போனேன். வீடு பூட்டியிருக்கு, திருப்பூருக்குப் போயிட்டான்னாங்க. இதை அவ படிச்சா, மன்னிப்புக் கேக்கணும்னு நான் தேடிக்கிட்டே இருக்கேன்னு தெரியட்டும்.

ராதிகா_கோவை:

இதுக்கெல்லாம்தான் கேமரா வைக்கணும்னு சொல்றது. எங்க மாமியாருக்கு ராத்திரி தூக்க மாத்திரை ஒண்ணு. ராத்திரி டியூட்டிக்கு வந்தவங்க தங்களுக்குத் தூக்கம் கெடாம இருக்க ரெண்டு குடுத்திருக்காங்க. காலையில பத்து மணி வரைக்கும் மாமியார் எழுந்திருக்க மாட்டாங்க, நாக்கு குழறும். வயசாகுதுன்னு நினைச்சோம். ஒரு அட்டை பத்து நாள் வரணும், அஞ்சு நாள்ல தீர்ந்து போச்சேன்னு என் வீட்டுக்காரர் கேட்டப்பதான் பிடிபட்டுச்சு. அன்னைக்கே ரூம்ல கேமரா மாட்டிட்டோம்.

வைகை_வாசி:

மேடம், உங்க கஷ்டம் புரியுது. ஆனா உங்க மாமியாருக்குத் துணி மாத்தறதும் உடம்பு துடைக்கறதும் அந்த ரூம்லதானே நடக்கும்? அது யார் யார் போன்ல ஓடுது? எங்கம்மா முடியாதுன்னுட்டாங்க. நாங்க ஹால்லயும் வாசல்லயும் மட்டும் வச்சோம், வர்ற ஆள்கிட்ட முதல் நாளே காட்டிட்டோம். ஒளிச்சு வைக்கறது எனக்கு ஒப்பலை. மாத்திரையைப் பிடிச்சது கேமரா இல்லையே, உங்க வீட்டுக்காரர் அட்டையை எண்ணினதுதானே?

ராதிகா_கோவை:

நீங்க சொல்றது நியாயம்தான். மாமியாரைக் கேட்டுத்தான் வச்சோம்னு சொல்லலாம்னு வந்தேன், யோசிச்சா கேக்கலை. இன்னைக்குக் கேக்கறேன்.

தூக்க மாத்திரையை மட்டும் இப்ப நாங்களே பூட்டி வச்சு தினமும் ஒண்ணு எடுத்து வைக்கிறோம். வெளியூர்ல இருக்கறவங்க ஏழு நாளுக்கு ஏழு கட்டம் இருக்கற மாத்திரை டப்பா வாங்கி, வாரத்துக்கு ஒருதரம் நம்பகமான சொந்தக்காரங்களை வச்சு நிரப்பலாம்.

துணைக்கு_நான்:

நான் இந்த வேலைதான் பண்றேன். பதினோரு வருசமா. சொந்த ஊரு திண்டிவனம் பக்கம். எழுத்துல தப்பு இருந்தா மன்னிச்சிக்கங்க. இப்ப ஒரு பாட்டிய பாத்துக்கிறேன், அவங்க தூங்குற நேரத்துல இதைப் படிச்சேன். செந்தூர் அண்ணன் எழுதுனதைப் படிச்சு அழுதுட்டேன். என் பையையும் கொட்டியிருக்காங்க.

நீங்க எங்கள எப்படி விசாரிக்கணும்னு பேசுறீங்க. நாங்களும் ஒரு வீட்டுக்குள்ள போனதும் பாப்போம். நான் எங்க படுக்கணும்? இதுதான் முதல்ல பாப்பேன். பாதி வீட்டுல இடமே யோசிச்சிருக்க மாட்டாங்க. கட்டிலுக்குக் கீழ பாய்னுவாங்க. துணி மாத்த ஒரு மறைவு இருக்காது. ராத்திரி நாலஞ்சு தடவ எழுந்திருக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கணும். விடிஞ்சதும், "நீ சும்மாதானே இருக்க, அப்படியே ரெண்டு தோசை ஊத்து"ம்பாங்க. அப்புறம் எல்லாருக்கும் சமையல், எல்லாரு துணியும். அப்படி ஆனா நாலாவது நாள் எனக்குக் கை நடுங்கும். நடுங்குற கையில உங்கப்பாவ தூக்குனா என்ன ஆகும்? 24 மணி நேர ஆளுன்னு சொல்றீங்க, 24 மணி நேரமும் முழிச்சிருக்க யாராலயும் முடியாது. ராத்திரி முழுக்க முழிக்கிற நோயாளின்னா ரெண்டு பேர் வைங்க, இல்ல பகல்ல நாலு மணி நேரம் தூங்க விடுங்க.

அப்புறம் டம்ளரு. எனக்குத் தனி தட்டு தனி டம்ளரு கொல்லப்பக்கம் கவுத்து வச்சிருப்பாங்க. பெரியவர் மலத்த நான் அள்ளலாம், அவங்க டம்ளர்ல நான் தண்ணி குடிக்கக் கூடாது. அந்த வீட்டுல நான் பத்து நாளைக்கு மேல நின்னதில்ல.

ஆம்பிளப் பெரியவருன்னா இன்னொண்ணு. சில பேரு கைய வைப்பாங்க. நோயினால தெரியாம பண்றவங்களும் உண்டு, தெரிஞ்சே பண்றவங்களும் உண்டு. வீட்டுல சொன்னா, "படுத்துக் கெடக்கறவர் மேலயா பழி போடற"ன்னுவாங்க. ஆளு வைக்கிறப்பவே, "இந்த மாதிரி ஏதாவது இருந்தா என்கிட்ட சொல்லு, நான் கேப்பேன்"னு அந்த வீட்டுப் பொம்பள ஒருத்தங்க சொன்னா போதும், நாங்க தைரியமா இருப்போம்.

நகைய எங்க கண்ணு முன்னாடி எண்ணி எடுத்துக்கிட்டுப் போங்க. பீரோவுல என்ன இருக்குன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கலாம். அது உங்களுக்கு மட்டும் பாதுகாப்பு இல்ல, எனக்கும்தான்.

கடைசியா ஒண்ணு. பிள்ளைங்க போன் போட்டு, நான் பக்கத்துல நிக்கறப்பவே, "அப்பா, அந்தம்மா நல்லா பாத்துக்கிறாங்களா?"ன்னு கேப்பாங்க. அவரு என்ன சொல்லுவாரு? நான் குளிக்கப் போற நேரம் எதுன்னு கேட்டு வச்சிக்கிட்டு அப்ப போடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். நல்லா பாக்கறவங்க யாரும் எடுத்துக்க மாட்டாங்க.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

தங்கச்சி, நீ எழுதினதுல தப்பு எதுவும் இல்லை. நான் சொல்ல மறந்ததை எல்லாம் சொல்லிட்டே. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது, வீட்டு வேலை செய்யறவங்களுக்கும் அது பொருந்தும். மாவட்ட அளவுல அதுக்குக் குழு இருக்கு. 2007-ல் இருந்து தமிழ்நாட்டுல வீட்டுப் பணியாளர் நல வாரியமும் இருக்கு, பதிவு பண்ணிக்கோ.

பழைய_வழக்கம்:

யாரும் கோபப்பட வேண்டாம். எங்க பாட்டி ஆறு வருஷம் படுக்கையில இருந்தாங்க, எங்கம்மாதான் பார்த்தாங்க. ஒரு ஆளும் வைக்கலை. பெத்தவங்களை வெளி ஆள் கையில விடலாமா? ரெண்டு பிள்ளைகள் இருந்தும் ஒருத்தராவது வேலையை விட்டுட்டு வர முடியாதா?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

தம்பி, உங்க அம்மாவை நான் கையெடுத்துக் கும்பிடறேன். அந்த ஆறு வருஷத்துல உங்க அம்மா எத்தனை கல்யாணத்துக்குப் போனாங்க, எத்தனை ராத்திரி முழுசா தூங்கினாங்க, இப்ப அவங்க இடுப்பும் முட்டியும் எப்படி இருக்குன்னு ஒருதரம் பக்கத்துல உக்காந்து கேளுங்க. வார்டுல நோயாளியைக் கொண்டு வந்து சேர்த்துட்டு அதே பெஞ்சில மயங்கி விழுந்த மருமகள்களை நான் பார்த்திருக்கேன்.

பழைய_வழக்கம்:

அம்மாவுக்குப் போன வருஷம்தான் முதுகுத்தண்டுல ஆபரேஷன் ஆச்சு. அதை நான் இதோட சேர்த்துப் பார்க்கலை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன் சிஸ்டர்.

காவிரிக்கரை:

துணைக்கு_நான் அக்கா, உங்க பதிவை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். எங்க வீட்டுலயும் தனி டம்ளர் இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு, கொல்லைப் படியில. நான் வர்றப்ப பார்த்திருக்கேன், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் எழுந்து போய் அந்த டம்ளரை எடுத்துட்டு வந்து மத்த டம்ளர்களோட அலமாரியில வச்சாங்க. எனக்கு அவமானமா இருக்கு. ஆனா இதை இங்க சொல்லாம இருந்தா மத்ததெல்லாம் கேக்கற தகுதி எனக்கு இல்லைன்னு தோணுச்சு.

இன்னொரு சிக்கல். அப்பாவைத் தூக்க ஆம்பிளை ஆள்தான் சரின்னு தம்பி சொல்றான். ராத்திரி வீட்டுல வேத்து ஆம்பிளை இருந்தா அம்மாவுக்குத் தூக்கம் வராது. அப்பாவோ, "என்னை யாரும் தொட வேண்டாம்"ங்கறார்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

பகல்ல ரெண்டு மணி நேரம் ஒரு ஆம்பிளை அட்டெண்டர் வந்து குளிப்பாட்டி, கக்கூஸ் போக வச்சுட்டுப் போகட்டும். மீதி நேரத்துக்குப் பெண் ஆள். அப்பாவைக் கேக்காம முடிவு பண்ணாதீங்க. தொட வேண்டாம்னா எதைத் தொட வேண்டாம்கறார்னு கேளுங்க. ஷேவிங்கா, வேட்டி மாத்தறதா? பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கும்.

பக்கவாத நோயாளிக்கு பிசியோதெரபியை இப்ப விட்டா அதோட முழுப் பலன் அப்புறம் கிடைக்காது. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரையோட வீட்டுக்கு வந்து பிசியோதெரபி பண்றதும், படுக்கையில இருக்கறவங்களுக்கு நோய் தணிப்புச் சிகிச்சையும் உண்டு, செலவு இல்லாம. உங்க பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுங்க.

சேலத்து_வக்கீல்:

ஏஜென்சி ஆள் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். என்னிடம் வருகிற வழக்குகளில் பெரும்பாலும் வெளியாள் கிடையாது. "தூரத்துச் சொந்தம், நம்ம பொண்ணு" என்று கொண்டுவந்து வைத்தவர்கள். சொந்தம் என்பதால் சம்பளம் பேசவில்லை, வேலை என்னவென்று பேசவில்லை. மூன்று வருடம் கழித்து வீடு தானமாக எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெண் ஏமாற்றினாளா, சம்பளமில்லாத மூன்று வருடத்துக்கு அந்த அம்மாவே மனமுவந்து கொடுத்தாரா என்று எந்த நீதிமன்றத்தாலும் சுலபமாகச் சொல்ல முடியாது. எனவே சொந்தக்காரராக இருந்தாலும் சம்பளம் பேசுங்கள், மாதாமாதம் வங்கிக் கணக்கில் போடுங்கள்.

பெரியவர்கள் யாருக்காவது சொத்தை எழுதிக் கொடுப்பதானால், "எங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23-ன் படி கவனிக்கத் தவறினால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும்.

ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தரும் சேவையை வங்கிகள் செய்ய வேண்டும் என்று 2017-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கிளையில் எழுதிக் கொடுங்கள். பென்ஷன் உயிர்வாழ் சான்றுக்கும் தபால்காரர் வீட்டுக்கு வருகிறார். பெரியவர் தானே புகார் சொல்ல நினைத்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டுங்கள். வேலைக்கு வருகிறவரும் அதைப் பார்ப்பார்.

காவிரிக்கரை:

அஞ்சு வாரம் ஆச்சு. என்ன நடந்ததுன்னு எழுதறேன், யாருக்காவது பயன்படும்.

மூணு பேரைப் பார்த்தோம். முதல் ஆள் சான்றிதழ் எல்லாம் பளபளன்னு வச்சிருந்தாங்க. தண்ணி டம்ளரைக் குடுத்ததும் நின்னவாக்குல அப்பா வாய்கிட்ட கொண்டு போனாங்க. நானே கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். ரெண்டாவது ஆளுக்கு வேலை நல்லா தெரிஞ்சுது, ஆனா அரை மணி நேரமும் அப்பாவைப் பத்தி என்கிட்டயே கேட்டுக்கிட்டிருந்தாங்க. "சாப்பிடுவாரா, தூங்குவாரா, கோவப்படுவாரா?"ன்னு. அப்பா எதிர்லயே உக்காந்திருக்கார், சுவரைப் பார்த்துக்கிட்டு.

மூணாவது வந்தவங்களுக்கு 46 வயசு, வலங்கைமான் பக்கம். அஞ்சு வருஷம் ஒரே வீட்டுல ஒரு பாட்டியைப் பார்த்தவங்க. அந்த வீட்டுக்கு நானே போனேன். ஏன் நின்னாங்கன்னு கேட்டேன். "அம்மா காலமாயிட்டாங்க, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் கூட இருந்துட்டுத்தான் போனாங்க"ன்னு அந்த வீட்டு மருமகள் சொன்னாங்க. இங்க வந்ததும் அப்பா பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, "ஐயா, எந்தப் பக்கம் படுத்தா உங்களுக்கு வசதி?"ன்னு கேட்டாங்க. அப்பா பதில் சொல்ல ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. நான் குறுக்க சொல்ல வாயெடுத்தேன், அவங்க என்னைத் திரும்பியே பார்க்கலை. அவர் "எடது"ன்னு முடிக்கற வரைக்கும் காத்திருந்தாங்க. டம்ளரைக் குடுத்தேன். கீழ வச்சாங்க.

சம்பளம் 19,000 நேரடியா அவங்க கணக்குக்கு. மாசம் மூணு நாள் லீவு. முன்னாடி ரேழி அறை சும்மா கிடந்தது, அதுல கட்டிலும் ஃபேனும் போட்டாச்சு. சமையலுக்குத் தனியா ஒருத்தர் வர்றாங்க. அப்பா தொட வேண்டாம்னது வேட்டி மாத்தறதுக்குத்தான். அதுக்கும் குளிக்கறதுக்கும் காலையில ஒரு அண்ணன் வந்து போறார். சித்தப்பா மகன் வாரத்துல ரெண்டு தரம், நேரம் சொல்லாம எட்டிப் பார்க்கறான். அவன் பார்க்க வேண்டியதை சிஸ்டர் தனியா எனக்கு எழுதித் தந்தாங்க: குதிகாலும் இடுப்புக்குப் பின்னாடியும் சிவந்திருக்கா, நாக்கு வறண்டிருக்கா, நகம் வெட்டியிருக்கா, விழுந்த கையோட உள்ளங்கை மடிப்புல அழுக்கு இருக்கா. மூடியே இருக்கற அந்தக் கையை விரிச்சுக் கழுவறவங்க மத்ததையும் பார்த்துப்பாங்கன்னாங்க. நேத்து அவன் அப்பாவோட வலது உள்ளங்கையைப் போட்டோ எடுத்து அனுப்பினான். சுத்தமா இருந்துச்சு.

வருகைப் பதிவு அப்பா பொறுப்பு. கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்தோம். இடது கையால எழுதறார். முதல் வாரம் கோழி கிளறின மாதிரி இருந்தது, இப்ப எண்கள் புரியுது. தேதி, காலை அண்ணன் வந்த நேரம், மாத்திரை கொடுத்த நேரம், கையெழுத்து. வங்கியில 34 வருஷம் போட்ட அதே கையெழுத்தை இடது கையில வரவழைக்கப் பார்க்கறார்.

ஆடிப்பெருக்குக்கு அவங்க ஊருக்குப் போகணும், நாலு நாள். எனக்கு லீவு இல்லை. கும்பகோணத்துல நாலு நாளைக்கு வர்ற நம்பகமான ஆள் யாரையாவது தெரியுமா?

துணைக்கு_நான்:

அக்கா, என்கூட வேலை பாத்தவங்க ஒருத்தங்க இப்ப பாபநாசத்துல இருக்காங்க. நல்லா பாப்பாங்க. ஆனா நான் சொன்னேன்னு அப்படியே வைக்காதீங்க, டம்ளரைக் குடுத்துப் பாருங்க. ஒருநாள் முன்னாடியே வரச் சொல்லி, இருக்கறவங்களோட சேந்து ஒரு பொழுது நிக்கட்டும். தனி மடல்ல நம்பர் அனுப்புறேன்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

அப்பாவுக்குத் தோள் வலி எப்படி இருக்கு?

காவிரிக்கரை:

குறைஞ்சிருக்கு சிஸ்டர். உக்காரும்போது கைக்குக் கீழ தலையணை வைக்கறாங்க. பிசியோதெரபி தம்பி வாரம் ரெண்டு நாள் வர்றார். பாபநாசத்து அக்கா புதன்கிழமை வர்றேன்னிருக்காங்க. அவங்களுக்கு நோட்டுல எந்தப் பக்கம் ஒதுக்கறதுன்னு அப்பா இப்பவே கேக்கறார்.